ஊமைமேட்டுக் குரல்

பச்சையம்மா டிரங்குப் பெட்டியை மறுபடியும் திறந்தாள். புடவை இருந்தது; ரவிக்கை இருந்தது; புருஷனுக்கென்று மடித்து வைத்த வேட்டியும் இருந்தது. எல்லாம் காலையில் வைத்தது வைத்தபடியே இருந்தன. புருஷனைத்தான் காணோம்.

மறுநாள் தீபாவளி. அதுவும் அவளுக்குத் தலை தீபாவளி. ராயபுரத்தில் அவளுடைய நைனா தண்டபாணி, மாப்பிள்ளை வருகிறார் என்று தெருக்கோடி வரைக்கும் சொல்லி வைத்திருப்பார். அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றியிருப்பாள். பெண்ணோ எண்ணூர்க் கழிமுகத்தின் நடுவே, நாலு பக்கமும் தண்ணீரும் சேறுமாகக் கிடக்கும் ஊமைமேட்டில், ஒரு பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

துறையில் டொக், டொக், டொக் என்று சத்தம் கேட்டது. சௌக்கத் அலி கழியால் படகின் விளிம்பைத் தட்டுகிறார். 'கிளம்பலாமா?' என்று அதற்கு அர்த்தம்.

சௌக்கத் அலி பழவேற்காட்டு நண்டு வியாபாரி. உயிர் நண்டைக் கூடை கூடையாகப் படகில் ஏற்றிக்கொண்டு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் பட்டணம் போகிறவர். போகிற வழியில் புது ஜோடியையும் கொண்டுபோய் இறக்கிவிடுவதாகப் போன வாரமே வாக்குக் கொடுத்திருந்தார்.

பச்சையம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு இறங்கினாள்.

"இன்னாம்மா, மாப்ளய காணோம்?"

"நண்டு புடிக்கப் போய்கீறாரு பாய்."

சௌக்கத் அலி தம் படகைத் திரும்பிப் பார்த்தார். கூடைகளுக்குள் நண்டுகள் கரகரவென்று ஒன்றையொன்று பிறாண்டிக்கொண்டிருந்தன.

"அப்ப இதெல்லாம் இன்னா, கத்திரிக்காயா?"

"அதையேதான் பாய் காலைல நானும் கேட்டேன்."

காலையில் கேட்டது மட்டுமா? தகராறே நடந்தது. எத்திராஜ் நல்லவன்தான். ஆனால் ரோஷக்காரன். கல்யாணத்தின்போது ராயபுரத்துச் சொந்தக்காரன் எவனோ, "மாப்ள கடலுக்குப் போறவரு இல்லியாமே, சேத்துல தடவறவராமே" என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அது அவன் மனசில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. மாமியார் வீட்டுக்கு முதல் தீபாவளிக்குப் போகும்போது, தன் கையால் வளையிலிருந்து பிடித்த பச்சை நண்டு, ஆள் உள்ளங்கை அகலத்துக்குக் கொடுக்கு வைத்த நண்டு, ஒரு பறிக்கூடை நிறையக் கொண்டுபோய்க் கொட்டினால்தான் ஆச்சு என்று நின்றான்.

"மீன்காரங்க வூட்டுக்கு நண்டு எடுத்துனு போற மொத ஆளு நீதான்யா" என்றாள் பச்சையம்மா.

"கடல் நண்டு வேற, சேத்து நண்டு வேற. உங்க நைனாவுக்குத் தெரியும்."

"பாய் படகுல நாலு வாங்கிக்கினா கொறஞ்சா பூடுவ?"

"அது பாய் புடிச்சது."

"பாய் வரதுக்குள்ள நீ வரலைன்னா நான் ஒண்டியா கெளம்பிடுவேன், சொல்ட்டேன்."

"போயேன். பொறந்த வூட்டுக்குப் போறதுக்குத்தானே கல்யாணமே கட்டிக்கின!"

இடுப்பில் பறியைக் கட்டிக்கொண்டு, சின்னத் தோணியைத் தள்ளிக்கொண்டு போனவன்தான். தெற்கே, முகத்துவாரத்து மணலை ஒட்டினாற்போல் ஒரு சேற்றுக்கரை இருக்கிறது. பெரிய வளைகள் அங்கேதான். மேட்டிலிருந்து பார்த்தால் தூறலுக்குள்ளே ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அது குனிந்த தலை நிமிரவில்லை.

"ஒரு கொரல் குடும்மா, வந்துடுவாரு" என்றார் சௌக்கத் அலி.

பச்சையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கேதான் சிக்கல். ஊமைமேட்டில் தண்ணீரின் மேல் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கால்வாயில் போகிற வெளியூர்ப் படகுக்காரன் தெரியாத்தனமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிடப்பட்டவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப் பக்கமாகப் போய்விடுவான். 'காதைச் சாத்திக்கிறது' என்று அதற்கு மேட்டு மக்கள் சொல்லும் பெயர். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன படகுக்காரர்கள் வைத்ததுதான் ஊமைமேடு என்கிற பேர். அந்தப் பேரைக் கேட்டால் மேட்டுக்காரர்களுக்குக் கோபம் வரும். அவர்களுக்கு அது வெறும் 'மேடு'.

பேருக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு குரல் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கு நீட்டி இழுத்து முடிவில் வெட்டுகிற கூவல். இன்னொரு வீட்டுக்கு நாக்கைச் சுழற்றி மூன்று ஏற்றம். அந்த வீட்டு ஆளைத் தவிர வேறு எவரும் அந்தக் குரலை எழுப்பக் கூடாது. சொத்து மாதிரி அது. மருமகள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

எத்திராஜின் அக்கா புஷ்பவல்லி, கல்யாணமான புதிதில் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தம்பி பெண்டாட்டியை உட்கார வைத்தாள். அடித்தொண்டையிலிருந்து கிளம்பி மூக்கு வழியாக ஏறி, உச்சியில் போய் உடைகிற குரல் அது. பச்சையம்மா கேட்டுவிட்டுப் பொத்துக்கொண்டு சிரித்தாள்.

"அய்ய, இன்னா அண்ணி, நரி மாதிரி ஊளையா வுடச் சொல்ற?"

புஷ்பவல்லி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

பச்சையம்மா சிரித்தது குறும்பினால் மட்டுமல்ல. அந்தக் குரலைக் கற்றுக்கொண்டுவிட்டால், தான் மேட்டுக்காரியாகிவிடுவோம் என்று உள்ளுக்குள் ஒரு பயம். ராயபுரத்தில் அவள் பிறந்த சந்தில் விடிந்தால் பேர், பொழுது சாய்ந்தால் பேர். 'பச்ச, தண்ணி வந்துச்சாடீ?' 'பச்சையம்மா, உங்க நைனா கரைக்கு வந்துட்டாரா?' என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கத்துவார்கள். இங்கே வந்த நாளாக அவள் பேரை ஒருத்தரும் உரக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளே, அதுவும் வாய்க்குள்ளேயே சொன்னார்கள். தன் பேர் துவைத்துத் துவைத்துச் சுருங்கிய துணி மாதிரி ஆகிவிட்டதாக அவளுக்குத் தோன்றும். எத்திராஜை எப்படியாவது ராயபுரத்துக்கோ, திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஆலைக்கோ இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று வந்த மாசத்திலிருந்தே அவள் மனம் அரித்துக்கொண்டிருந்தது. இந்தத் தீபாவளிக்குப் போனால், நைனாவை விட்டுப் பேசவைத்து அதை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ஆளே வராவிட்டால் என்ன செய்வது?

"எனக்கு அந்தக் கொரலு வராது பாய்" என்றாள்.

"வேற யாருனா?"

"யாரு கீறாங்க? காலைலயே ரெண்டு படகுலயும் ஏறி அல்லாரும் திருவொத்தியூர் கடைக்குப் பூட்டாங்க. அண்ணியும் பூட்டாங்க. நானும் நாலு ஆடுந்தான் பாக்கி."

சௌக்கத் அலி சிரித்தார். ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு படகின் மேல் குந்தினார்.

"பேர்க்காரி கதைய நம்பறியா நீ?"

பேர்க்காரி கதையை வந்த வாரமே புஷ்பவல்லி சொல்லியிருந்தாள். எப்போதோ ஒரு தாய்க்காரியின் மூன்று பிள்ளைகளும் முகத்துவாரத்தில் போய்விட்டார்களாம். அவள் தண்ணீரின் மேல் நின்று பேர் பேராகக் கூப்பிடுகிறாளாம். அவளுக்கு மேட்டு ஜனங்களின் பேரெல்லாம் தெரியுமாம். பதில் கொடுத்தவன் அவளோடு போய்ச் சேருவானாம்.

"கொழந்தைங்கள பயமுறுத்த சொல்றது" என்றாள் பச்சையம்மா.

"எங்க ஊர்ப் பக்கம் வேற மாதிரி சொல்லுவாங்க" என்றார் அவர். "ஒல்லாந்தருங்க, அதான் டச்சுக்காரனுங்க, கோட்ட கட்டிகினு இருந்த காலம். இன்னிக்கும் வந்து பாரு, அவனுங்க கல்லறை அங்கதான் கீது, எலும்புக்கூடு செதுக்கி வச்சி. அப்ப இங்க ஒரு தரகன் இருந்தானாம். பனி மூடின நேரமாப் பாத்து, படகுல வந்து பேர் சொல்லிக் கூப்புடுவானாம். 'ராசையா, வலை நெறஞ்சி போச்சி, வந்து ஒரு கை புடி' அப்டின்னு. நம்மாளுதானேன்னு இவன் தோணிய எடுத்துகினு போவான். அவ்ளோதான். கப்பல்ல ஏத்தி, கடலுக்கு அந்தாண்ட எவனுக்கோ வித்துடுவாங்க. போனவன் ஒருத்தனும் திரும்பல."

பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தரகனுக்கு இவங்க பேரெல்லாம் எப்டி தெரியும்?"

சௌக்கத் அலி, ஆளில்லாத மேட்டையே ஒரு தரம் நோட்டம் விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அதாம்மா விசயம். பேரு தெரிஞ்சவன் வெளியாளா இருப்பானா? இதே மேட்டுக்காரன். அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுகினுதான் பொம்பள மேல பழியப் போட்டு, பேர்க்காரின்னு ஒருத்திய உண்டு பண்ணிட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லிக்காத, அப்பால இங்க ஒரு நண்டு கூட எனக்குத் தர மாட்டாங்க."

"சொல்ல மாட்டேன்."

"அதுக்கப்பறந்தான் இந்தக் கொரல் ஏற்பாடு. பேரு ஊருக்கே தெரியும். வூட்டுக்குள்ள இருக்கறது எவனுக்குத் தெரியும்?"

பச்சையம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து தெற்கே பார்த்தாள். கறுப்புப் புள்ளி அங்கேயேதான் குனிந்து கிடந்தது.

அப்போதுதான் மேற்கே ஆற்றுப் பக்கமிருந்து ஒரு விறகுப் படகு விரைந்து வந்தது. அதில் கழி போட்டுக்கொண்டிருந்தவன் சௌக்கத் அலியைப் பார்த்ததும் கத்தினான்.

"பாய்! இங்க இன்னா பண்ணிகினு கீற? மேற்க கொட்டோ கொட்டுன்னு கொட்டிகீது. ஆத்துல செந்தண்ணி எறங்கிடுச்சி. பின்னாலயே வந்துகினு கீது. மொகம் ஒடஞ்சிடும், கால்வாய்க்குள்ள பூந்துடு!"

படகு நிற்கவில்லை. போயே விட்டது.

சௌக்கத் அலி பீடியை எறிந்தார். அவர் முகத்தில் சிரிப்புப் போன இடம் தெரியவில்லை.

ராயபுரத்துப் பெண்ணுக்கும் அதன் அர்த்தம் தெரிந்தது. முகத்துவாரம் கோடையிலிருந்து மணல் மூடிக் கிடந்தது. ஆற்று வெள்ளம் வந்து கழிமுகத்தை நிரப்பினால், அந்த மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். அந்த நேரத்தில் மணலை ஒட்டி இருக்கிற எதுவும் தப்பாது. தோணியும் ஆளும் ஒரே இழுப்பில் கடலுக்குள் போய்விடுவார்கள். எத்திராஜ் இருப்பது மணலை ஒட்டித்தான். வளைக்குள் கையை விட்டு, தலையைக் கவிழ்த்து, உலகத்தை மறந்து.

"பாய், படக எடு!"

"அந்தச் சேத்துக்கு இந்தப் படகு போவாதும்மா. அடி தட்டிடும். மொகம் ஒடஞ்சா அப்டியே வாரிகினு பூடும். மொதல்ல அவர இந்தப் பக்கம் வரச் சொல்லணும்."

பச்சையம்மா வீட்டுக்கு ஓடினாள். தகரத் தவலையையும் அகப்பையையும் எடுத்து வந்து, கை வலிக்க அடித்தாள். எண்ணூர்க் கரையிலிருந்து பட், பட், பட்டார் என்று பதில் வந்தது. பிள்ளைகள் முதல் நாளே வெடி கொளுத்துகிறார்கள். காலையிலிருந்து அதே சத்தந்தான். இதில் தவலைச் சத்தத்தை யார் பிரித்துப் பார்ப்பது? புள்ளி நிமிரவில்லை.

தவலையைப் போட்டுவிட்டு மேட்டின் தெற்கு முனைக்கு ஓடினாள். முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். அந்த முனையில் நின்றால் அவன் முதுகு தெரிந்தது, இடுப்பில் பறி தெரிந்தது. மேற்கே பார்த்தாள். சாம்பல் நிறத் தண்ணீரின் மேல் செம்மண் கரைத்த ஒரு கோடு அகலமாகி அகலமாகி வந்துகொண்டிருந்தது.

கட்டின நாளாக அவள் வாயில் வராத சொல் அது. எந்தப் பெண்டாட்டி வாயிலும் வராத சொல். வெட்கம் எங்கேயோ போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள்.

"எத்திராஜு! எத்திராஜூ...!"

"ஐயோ, அது வேணாம்மா!" என்று பின்னாலிருந்து சௌக்கத் அலி கூவினார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆகிவிட்டது. எத்திராஜ் சட்டென்று நிமிர்ந்தான். கல் மாதிரி நின்றான். பச்சையம்மாவின் நெஞ்சு குளிர்ந்தது, கேட்டுவிட்டான் என்று. அடுத்த கணம் அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் தோணியில் ஏறினான். முதுகைக் காட்டிக்கொண்டு, குரல் வந்த திசைக்கு நேர் எதிராக, முகத்துவாரத்து மணலைப் பார்க்கக் கழியை ஊன்றித் தள்ளினான். காதைச் சாத்திக்கொண்டுவிட்டான்.

"எத்திராஜூ!" என்று மறுபடி கத்தப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிடக் கூப்பிட இன்னும் வேகமாகத்தான் போவான்.

அண்ணி சொல்லிக் கொடுத்த குரலை எடுத்துப் பார்த்தாள். அடித்தொண்டையில் கிளம்பியது, மூக்குக்கு ஏறவில்லை. பாதியில் பிளந்து, இருமலாகி, ஒன்றுமில்லாமல் போயிற்று. இன்னொரு தரம் எடுத்தாள். ஆடு கத்தினாற்போல் இருந்தது. தூறலுக்குள்ளே முதுகு சிறுத்துக்கொண்டே போயிற்று. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இப்போது அவள் குரல்வளையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"போறாம் பாரு! போறாம் பாரு பாய்! பாவி, அங்கயே போறானே!"

அழுகை வரவில்லை. கோபம் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த கோபம், இந்த மேட்டுக்கு வந்த நாளாக அடக்கி வைத்த கோபம், அத்தனையும் வாய்க்கு வந்தது. பேர் ஊருக்கே தெரியும். வீட்டுக்குள் இருப்பது எவனுக்குத் தெரியும்? பாய் சொன்ன சொல் எங்கிருந்தோ ஓடி வந்து அந்தக் கோபத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினாள். ராயபுரத்துச் சந்தில் குழாயடியில் நின்றால் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

"யோவ் கஸ்மாலம்! யோவ் சோமாறி! எங்கய்யா போற? மாமியா வூட்டுக்கு நண்டு எடுத்துனு போற மூஞ்சியப் பாரு! ரயிலு ஊதினா எம்முந்தானைக்குள்ள பூந்துக்கற ஆளு நீ, ஒனக்கு இன்னாய்யா ரோசம்?"

கழி ஒரு கணம் நின்றது.

"ராயபுரம் டேசன்ல கண்ண மூடிக்கினு எங்கையப் புடிச்சிகினு நின்ன இல்ல? 'யார் கிட்டயும் சொல்லாதமே, சொல்லாதமே'ன்னு கெஞ்சின இல்ல? இப்ப சொல்றேன்யா! ஊருக்கே சொல்றேன்! பாய், கேட்டுக்க! இந்த ஆளுக்கு ரயிலுன்னா ஒதறலு! ராத்திரி தூக்கத்துல கூட..."

எத்திராஜ் திரும்பினான். தோணியில் எழுந்து நின்றான். ஊமைமேடு ஊமைமேடான நாளாக எந்த மேட்டுக்காரனும் செய்யாத காரியத்தைச் செய்தான். வீட்டுக் குரல் அல்லாத ஒரு கூப்பாட்டுக்குத் தண்ணீரின் மேல் வாயைத் திறந்து பதில் கொடுத்தான்.

"அடச்சீ, வாய மூடுமே! பாய் கேட்டுகினு கீறாரு!"

"செந்தண்ணி வருதுய்யா! மொகம் ஒடையப் போவுது! வாய்யா இங்க!"

அவன் மேற்கே பார்த்தான்.  கழியை ஊன்றினான் பாருங்கள், தோணி வளைந்து துள்ளியது. ஆனால் அதற்குள் தண்ணீருக்கு உயிர் வந்துவிட்டது. சும்மா கிடந்த கழிமுகம் தெற்கு நோக்கி நகர ஆரம்பித்தது. அவன் முன்னால் இரண்டு முழம் வந்தால் தண்ணீர் ஒரு முழம் பின்னால் இழுத்தது.

சௌக்கத் அலி அதற்குள் படகை அவிழ்த்து, தெற்கு முனை வரைக்கும் கொண்டுவந்து, கண்டல் மரத்தடியில் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தார். இன்னொரு கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். "நண்டு போனா போவுது, யா அல்லா, ஆளக் குடு" என்று முணுமுணுத்தார்.

முனைக்கும் அவனுக்கும் நடுவே இறால் வலை கட்டுவதற்கு நட்ட மரக்கழிகள் வரிசையாக நின்றன. எத்திராஜ் அந்த வரிசையை எட்டுகிற நேரம். பெரிய சுவர் ஒன்று இடிந்து விழுந்தாற்போலச் சத்தம் கேட்டது. முகம் உடைந்துவிட்டது.

தோணியின் மூக்கு தானாகத் தெற்கே திரும்பியது. எத்திராஜ் கழியை எறிந்துவிட்டு, தாவி, மரக்கழி ஒன்றைக் கட்டிக்கொண்டான். தோணி அவன் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. ஒரு தரம் தலையைக் காட்டியது, மணல் இருந்த இடத்தில் நுரையோடு நுரையாகக் குதித்தது, அவ்வளவுதான்.

சௌக்கத் அலி வீசிய கயிறு முதல் வீச்சில் விழவில்லை. அடுத்த வீச்சில் பச்சையம்மாவும் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டாள். எத்திராஜ் அதைக் கையில் சுற்றிக்கொண்டு மரக்கழியை விட்டான். இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து இழுத்தார்கள். செம்மண் தண்ணீரைக் குடித்துக் கக்கிக்கொண்டு, கோவணமும் பறியுமாக வந்து கரையில் விழுந்தான்.

பச்சையம்மா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் அதே முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவன் இடுப்புப் பறிக்குள்ளே நண்டுகள் கரகரவென்று பிறாண்டின.

* * *

படகு கால்வாய்க்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எத்திராஜ் சௌக்கத் அலியின் லுங்கியைக் கட்டிக்கொண்டு நண்டுக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். டிரங்குப் பெட்டியின் மேல் பச்சையம்மா. அந்த வேட்டியை நாளைக்குத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டாள்.

எதிரே இரண்டு படகுகள் வந்தன. திருவொற்றியூர்க் கடைத்தெருவிலிருந்து மேட்டு ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். புஷ்பவல்லி முன்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் எண்ணெய்த் தூக்கு. தம்பியைப் பார்த்ததும் தன் வீட்டுக் குரலை எடுத்தாள். அது மூக்குக்கு ஏறி உச்சியில் போய் உடைந்தது. பச்சையம்மாவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. மயிர்க்கூச்செறிந்தது.

படகுகள் ஒட்டி நின்றன. கால்வாயை விட்டு வெளியே போக வேண்டாம், வெள்ளம் வடிகிற வரைக்கும் கரையிலேயே தங்குங்கள் என்று சௌக்கத் அலி சொன்னார். நடந்ததையும் சொன்னார். ரயில் சமாசாரத்தை மட்டும் விட்டுவிட்டார். விட்டுவிட்டதாக எத்திராஜுக்குக் கண்ணைச் சிமிட்டிக் காட்டினார்.

புஷ்பவல்லி தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"தோணி?"

"பூட்ச்சி."

"தண்ணி மேல பதில் குடுத்தியா நீ?"

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.  பெண்கள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"எங்குத்தந்தான் அண்ணி" என்றாள் பச்சையம்மா. தொண்டை கட்டி, குரல் அரைக்குரலாக வந்தது. "பேரச் சொல்லிட்டேன். அப்பால வேற வழியில்லாம வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்."

"இன்னான்னு திட்டின?"

"அத எப்டி அண்ணி இத்தினி பேர் முன்னால..."

புஷ்பவல்லி எண்ணெய்த் தூக்கை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். சிரிப்பா, கோபமா என்று சொல்ல முடியாத முகம்.

"சொல்லாத. என்கிட்ட கூட சொல்லாத. ஆனா ஒண்ணு, அதையே இன்னொரு தபா கூப்புட முடியாது. பேர்க்காரி கேட்டிருப்பா. தபாக்கு ஒண்ணு புச்சா திட்டணும் நீ."

"அதுக்கா அண்ணி பஞ்சம்!"

பின் படகில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். படகுகள் பிரிந்தன.

சௌக்கத் அலி படகை வலித்தார். கரையோரக் குடிசைகளில் மத்தாப்பு வெளிச்சம் தெரிந்தது. எத்திராஜ் ரொம்ப நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு அறுத்த இடம் சிவந்து கிடந்தது.

"நெஜமாவே பேர்க்காரின்னு நெனச்சிட்டேன்" என்றான். "எம் பொண்டாட்டி எம்பேர சொல்லவே மாட்டாளே, அதான் பயம் புடிச்சிகிச்சி."

"இனிமே சாவற வரைக்கும் சொல்ல மாட்டேன்யா."

"அய்ய, அதுக்கு இல்ல." அவன் சௌக்கத் அலியின் முதுகைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினான். "நல்லாத்தான் கூப்ட. பேயி கூட இவ்ளோ ஆசையா கூப்புடுதேன்னுதான் இன்னும் வேகமா வலிச்சேன்."

பச்சையம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். தோணி போய்விட்டது. இனி மேட்டில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டிய நேரம் இதுதான். தீப்பெட்டி ஆலையைப் பற்றி இத்தனை மாசமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு நுனிநாக்கு வரைக்கும் வந்தது. வந்து, தொண்டைக்கட்டில் மாட்டிக்கொண்டு, அங்கேயே நின்றது. எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. எங்கேயாவது ஓட வேண்டும்போலவும் இருந்தது. ராயபுரம் நெருங்க நெருங்க ஏனோ அவள் திரும்பித் திரும்பிப் பின்னாலே பார்த்தாள்.

எங்கோ இருட்டுக்குள்ளே ரயில் நீளமாக ஊதியது.

எத்திராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, அவள் முந்தானையின் நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.